கோழி ஓடும் வேகம்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இதே அரங்கில் 'சிட்டி ஆஃப் காட்' என்ற பிரேசில் படம் முடிந்ததும் வெளியே டீக்கடையில் நின்றோம். ஒரு தம்பி சொன்னார்: "சார், என்னா ஸ்பீடு! மூச்சே விட முடியல." சரி, இன்றைக்கு அந்த ஸ்பீடைப் பற்றியே பேசிவிடலாம்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்லில் கத்தி தீட்டுகிறார்கள். சரக், சரக். ஒவ்வொரு தீட்டலுக்கும் திரை பளிச்சென்று மின்னி இருண்டு போகிறது. கேரட் சீவுகிறார்கள், ஒரு கோழியை அறுத்து இறகு பிடுங்குகிறார்கள். காலில் கயிறு கட்டிய இன்னொரு கோழி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிறது. எப்படியோ கட்டை உதறிவிட்டு ஓடுகிறது. துப்பாக்கியும் சிரிப்புமாக ஒரு கூட்டம் பின்னால் ஓடுகிறது. ஒளிப்பதிவாளர் சேசர் சார்லோன் கேமராவைத் தரையோடு தரையாக இறக்கி, நம்மையும் கோழியோடு சேர்த்து ஓடவிடுகிறார். துரத்துகிறவனோடு ஓடினால் குஷியாக இருக்கும். நம் ஊர் ஆக்‌ஷன் படங்களில் நமக்குப் பழகியது அதுதான். துரத்தப்படுவதோடு ஓடினால்? அந்தத் தம்பிக்கு மூச்சு முட்டியது அங்கேதான்.

இந்தக் கதை நடந்த இடம் நிஜம். 1960களில் ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளைக் காலி செய்து, அந்த ஜனங்களை நகரத்தின் மேற்கு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே வளர்ந்த பாவ்லோ லின்ஸ் 1997இல் எழுதிய நாவல்தான் 2002இல் படமானது. இயக்குநர் ஃபெர்னாண்டோ மெய்ரெல்லெஸ் விளம்பரப் படத்திலிருந்து வந்தவர். பிரேசிலில் சும்மா விடுவார்களா? 1965இல் அந்நாட்டு இயக்குநர் கிளாபர் ரோஷா 'பசியின் அழகியல்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைத் திருப்பிப்போட்டு, இது 'பசியின் ஒப்பனை' என்றார் விமர்சகர் இவானா பென்டெஸ். வறுமைக்குப் பவுடர் பூசுகிறீர்கள் என்று அர்த்தம்.

எனக்கும் பாதி சம்மதம்தான். சில சாவுகள் பார்க்க ரொம்ப அழகாக இருக்கின்றன, அது உறுத்துகிறது. ஆனால் அந்தச் சந்துக் காட்சிக்கு வரும்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கடைகளில் திருடிய இரண்டு பொடியன்களைத் தாதா மடக்குகிறான். "எங்கே சுடட்டும்? கையிலா, காலிலா?" அவர்கள் கையை நீட்டுகிறார்கள். அவன் காலில் சுடுகிறான். அப்புறம் தன் கூட்டத்துச் சிறுவன் ஒருவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இருவரில் ஒருவனைக் கொல்லச் சொல்கிறான். அதுவரை குதிரையாய்ப் பறந்த படம் இங்கே அவசரப்படவே இல்லை. சின்னவன் அழுகிறான், அந்த முகத்தின் எதிரே நம்மை உட்கார வைத்துவிடுகிறது. நேற்று பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களும் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

இப்போது வரும் எத்தனையோ த்ரில்லர்களில் வெட்டு விழுந்த அடுத்த நொடி ஷாட்டும் வெட்டப்படுகிறது. செத்தவன் யார் என்று பார்க்க நேரமில்லை. அந்த வேகத்துக்கு நான் எதிரி. இந்தப் படத்துக்கும் படத்தொகுப்பில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. படத்தொகுப்பாளர் டேனியல் ரெசெண்டேயின் கை. ஆனால் எங்கே வெட்டக் கூடாது என்று அந்தக் கைக்குத் தெரியும்.

கடைசிக் காட்சியும் நினைவிருக்கும். தாதா செத்தாயிற்று. பொடியன்கள் துப்பாக்கிகளோடு பேசிக்கொண்டே நடந்து போகிறார்கள். அடுத்து யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போட வேண்டுமாம். அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு சிக்கல்: யாருக்கு எழுதத் தெரியும்?