சித்தப்பாவின் கால் புண்ணும் ஈரம் காக்கும் கட்டும்

வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில், இறால் உரிக்கும் இடத்துக்கு அருகே நின்று பேசுகிறேன். படகில் வேலை செய்யும் என் சித்தப்பாவின் பாதத்தில் ஆணி ஏறியபோது, அவர் காப்பித் தூளையும் மஞ்சளையும் அப்பி, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும் என்று புண்ணைத் திறந்தே வைத்திருந்தார். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் வலி தெரியவில்லை. சீழ் பச்சையாகி வாடை வந்த பிறகுதான் எங்களிடம் காட்டினார்.

புண் காய வேண்டும் என்பதே நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். ஆனால் 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிக்குட்டிகளின் மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தபோது, ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குத் தட்டிய புண்ணில் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் தேடி வளைந்து நகர வேண்டியிருக்கிறது.

ஹைட்ரோஜெல் கட்டு அந்த ஈரத்தைக் கொடுக்கிறது. நீரை விரும்பும் நீண்ட மூலக்கூறுகள் வலைபோலப் பின்னி, தம் கண்ணிகளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ் அது; எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்த நீர் காய்ந்த அழுகல் சதையை இளக்குவதால், உடலின் நொதிகளே அதைக் கரைக்க வழி பிறக்கிறது. காய்ந்து ஒட்டிய காஸ் துணியைப் பிரித்தபோது புதுச்சதையும் கிழிந்து இரத்தம் கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூழ் அப்படி ஒட்டுவதில்லை.

கிருமியை எதிர்க்க இந்தக் கூழில் வெள்ளி அயனிகளைச் சேர்க்கிறார்கள். அவை பாக்டீரியாவின் புரதங்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. இன்னொரு பொருள் கைட்டோசன். இதோ இங்கே குவிந்து கிடக்கும் இறால் ஓட்டில் உள்ள கைட்டினை எரிசோடா போன்ற காரக் கரைசலில் பதப்படுத்தினால் கிடைப்பது அது. அதன் நேர்மின்னூட்டம் பாக்டீரியாவின் எதிர்மின்னூட்டமுள்ள மேலுறையைக் கவர்ந்து சிதைக்கிறது. நம் கரையில் கழிவாகக் கொட்டும் ஓட்டுக்குள் இப்படி ஒரு மருந்துப் பொருள் இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

ஆனாலும், கூழை வாங்கித் தடவினால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாள்பட்ட புண்ணில் கிருமிகள் தாமே சுரந்த வழவழப்பான படலத்துக்குள் பதுங்கியிருக்கும். முதலில் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நீர் அதிகம் வடியும் புண்ணில் ஹைட்ரோஜெல் வைத்தால் சுற்றுத் தோல் ஊறிப்போகும்; அங்கே உறிஞ்சும் கட்டுதான் பொருந்தும். நீரிழிவுப் பாதப் புண்ணை ஆற்றுவதற்காகக் கிருமிநாசினி சேர்ந்த கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு (IWGDF) 2023 வழிகாட்டுதலில் கூறியுள்ளது. அவற்றின் பயனுக்குப் போதுமான சான்று இன்னும் திரளவில்லை. சித்தப்பாவுக்கும் அழுகிய சதையை நீக்கி, ஆண்டிபயாட்டிக் கொடுத்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, பாதத்தில் எடை விழாமல் காத்த பிறகே, மிச்சமிருந்த காய்ந்த பகுதியை இளக்க ஹைட்ரோஜெல் வைத்தார்கள்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ளவர் இருந்தால், இன்றிரவே அவருடைய இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் சேர்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்புப் படர்ந்தாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.