கடற்கரைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு: நாள் குறிப்பது முதல் தீர்மானப் புத்தகம் வரை

(காட்சி: விடியற்காலை, பாம்பன். கரை திரும்பும் விசைப்படகுகள்.)

வணக்கம். தொண்டியில் தொடங்கி மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரை நீளும் இந்தக் கரையில் மீனவர் நலச் சங்கம், பாசி எடுக்கும் பெண்களின் சங்கம், ஊர் இளைஞர் மன்றம், பழைய மாணவர் சங்கம் எனப் பல அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பல 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவை. அப்படிப்பட்ட ஒரு சங்கம் தன் ஆண்டுப் பொதுக்குழுவை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதே இந்தக் காணொளியின் பொருள்.

முதலில் நாள். நான் இதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் எங்கள் சங்கத்தில் நேர்ந்த தவறு இதில்தான் நேர்ந்தது. ஓராண்டு, கூட்டம் நடத்தும் மண்டபம் எளிதாகக் கிடைத்தது என்பதற்காக ஒரு சனிக்கிழமை மாலையைக் குறித்தோம். அன்று காலையிலேயே கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொண்டு விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. போட்டிருந்த நாற்காலிகளில் பாதிகூட நிறையவில்லை. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை, இல்லாமல் கூட்டத்தை ஒத்திவைக்க நேர்ந்தது. உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை என்று அன்று சிலர் வருத்தப்பட்டார்கள். அது சரியான குற்றச்சாட்டு அல்ல. கடலைப் பார்க்காமல் நாள் குறித்தவர்கள் நாங்கள்தான்.

(காட்சி: சுவரில் தொங்கும் நாட்காட்டி, சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.)

இராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புவதும், மற்ற நான்கு நாட்களும் நாட்டுப்படகுகளுக்கு என்பதும் நெடுநாள் ஏற்பாடு. ஆகவே இரு தரப்பினரும் உறுப்பினராக உள்ள சங்கத்துக்கு எந்தக் கிழமையும் எல்லாருக்கும் பொருந்தாது. பாசி எடுக்கும் பெண்களைப் பொறுத்தவரை, மாதத்தில் 12 நாள் அளவுக்கே கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஒன்றைக் கூட்டத்துக்காகக் கேட்பது அந்த மாத வருமானத்தில் கைவைப்பதாகும். இவற்றோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை, ஞாயிறு காலைத் திருப்பலி, ஊர்க் கோயில் கொடை, ஆகஸ்ட் 15 போன்ற கிராம சபை நாட்கள் ஆகியவற்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்ட பிறகே மிஞ்சும் நாட்களைப் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில், விசைப்படகுக்காரர்கள் அதிகம் உள்ள சங்கத்துக்கு ஜூன் மாதத்தின் முதல் பத்து நாட்களைவிட நல்ல காலம் இல்லை. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். தடையின் நடுவில் பலர் வேறு வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். முடியும் தறுவாயில் படகைப் பழுது பார்க்கவும் வலை சீர்செய்யவும் கரைக்குத் திரும்பியிருப்பார்கள். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிந்திருப்பதால் தணிக்கைக்கும் இரண்டு மாதம் கிடைத்துவிடுகிறது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், அவர்கள் மீனை ஏலத்தில் விட்டுச் சற்று ஓய்வெடுத்து வரும்படி கூட்டத்தைப் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் தொடங்குங்கள்.

நாள் முடிவானதும் அழைப்பறிக்கை. எத்தனை நாளுக்கு முன் அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் துணைவிதிகளில், அதாவது சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளில், பாருங்கள். பல சங்கங்களில் 21 நாள் என்று இருக்கும். அனுப்பும் நாளையும் கூடும் நாளையும் விட்டுவிட்டு எண்ணுவதே பாதுகாப்பானது. ஜூன் 8-இல் கூட்டம் என்றால் மே 17-க்குள் அறிக்கை உறுப்பினர் கைக்குப் போயிருக்க வேண்டும். அதில் இடம், நேரம் மட்டும் போதாது, கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் பொருள்களின் பட்டியலான பொருள் நிரலும் இருக்க வேண்டும். துணைவிதியில் திருத்தம் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் அந்தத் திருத்தத்தின் வாசகத்தையே அச்சிட்டு அனுப்புங்கள். அது சிறப்புத் தீர்மானமாக, வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவோடு நிறைவேற வேண்டியது. "இதர பொருள்கள்" என்ற தலைப்பின் கீழ் கடைசி நேரத்தில் அதை நுழைப்பது முறையும் அல்ல, செல்லவும் செல்லாது.

துணைவிதி கேட்கும் வழியில் அறிக்கையை அனுப்பிய பிறகு, அதையே மீன் இறங்குதளத்துப் பலகையில் ஒட்டி, பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் அறிவிக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் ஓர் அக்கா, குரல் பதிவைக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த மூணாவது விஷயம் எங்க சந்தா பத்தியா?" என்று கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சந்தா உயர்வைப் பற்றிய விளக்கத்தை நாங்கள் முழுமையாக எழுதினோம்.

(காட்சி: உறுப்பினர் பதிவேடு, சந்தா ரசீதுப் புத்தகம்.)

உறுப்பினர் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். இறந்தவர்கள், விலகியவர்கள், சந்தா பாக்கி உள்ளவர்கள் யார் யார், பாக்கி உள்ளவர்களுக்கு வாக்கு உண்டா என்பதை விதியோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். வாசலில் நின்று வாதாடினால் மனக்கசப்புதான் மிஞ்சும். கோரத்தின் எண்ணிக்கை இந்தப் பட்டியலை வைத்தே கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பாதியில் எழுந்து போவது உண்டு. எனவே வாக்கெடுப்புக்கு முன் மறுபடி தலை எண்ணுங்கள்.

கூட்டத்தின் உயிர் கணக்கு வாசிப்பில் இருக்கிறது. வரவு செலவு அறிக்கையை வேகமாகப் படித்துவிட்டுக் கைதட்டல் வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சென்ற ஆண்டுத் தொகையையும் இவ்வாண்டுத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிய தாளில் எழுதி மாட்டுங்கள். வங்கி இருப்பு, கையிருப்பு, வர வேண்டிய பாக்கி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிறகு கேள்விக்கு நேரம் விடுங்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்கள் பேசி முடித்த பின் அவர்களை அழைத்தால், "எல்லாம் சொல்லியாச்சே" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். தேர்தல் ஆண்டாக இருந்தால், போட்டியிடாத ஒருவரைத் தேர்தல் நடத்தும் பொறுப்பில் அமர்த்துங்கள். தேநீர், ஒலிபெருக்கி, பந்தல் ஆகியவற்றை இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டால் போதும்.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு ஆகியவற்றை அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கலையும் முன் உரக்கப் படித்துக் காட்டித் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றிரவு முதல் ஒரு வாரத்துக்குள், ஏற்கப்பட்ட கணக்கு, தணிக்கை அறிக்கை, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், இவை மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். நேரில் கொடுத்தால் இன்னொரு படியில் முத்திரையும் தேதியும் வாங்கி, அதைத் தீர்மானப் புத்தகத்துடன் வையுங்கள்.