வெள்ளியைத் தேய்க்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்றே சொல்லி வருகிறோம். காசு உண்மையிலேயே வெள்ளியில் அடிக்கப்பட்ட காலத்தில் பிறந்த சொல் அது. அத்தகைய பழைய வெள்ளி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதன் தரத்தை எப்படி அறிவது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

பினாங்கில் என் பாட்டியார் தம் தகரப் பெட்டியில் ஒரு வர்த்தக வெள்ளி, அதாவது ஆசிய வணிகத்துக்கென்றே பிரிட்டிஷார் அடித்த வெள்ளிக் காசு, வைத்திருந்தார். ஒருபுறம் திரிசூலமும் கேடயமுமாக நிற்கும் பிரிட்டானியா, பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம். மறுபுறம் சீனத்திலும், அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவியிலும் அதன் மதிப்பு. தீபாவளி நெருங்கினால் குத்துவிளக்கோடு அதையும் திருநீறு தொட்டுத் தேய்ப்பார்; பக்கத்தில் அமர்ந்து நானும் தேய்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, லோரோங் கூலிட் சந்தையில் கடை விரித்திருந்த சீனப் பெரியவர் ஒருவரிடம் அதை நீட்டினேன். வெயிலில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "சூடா சூச்சி", அதாவது மலாயில் கழுவியாயிற்று, என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு சொற்களை விளங்கிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

காசு அடிக்கையில் அச்சு அழுந்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகளை விட்டுச்செல்கிறது. ஒற்றை விளக்கின் கீழே காசை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், அக்கோடுகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழலும். தேய்த்த காசும் பளபளக்கும்; ஆனால் சக்கரம் சுழலாது, மயிரிழைக் கீறல்களே தெரியும். திருநீறும் புளியும் பித்தளை பாலிஷும் செய்வது இதைத்தான். அழுத்திச் சொல்கிறேன்: கறுத்திருக்கும் வெள்ளி அழுக்கான வெள்ளி அன்று, அது காற்றிலுள்ள கந்தகம் படிந்த நிறம், தேய்த்து அகற்றிய மேற்பரப்பை எவராலும் திரும்ப வைக்க முடியாது.

தேய்மானம் முதலில் மேடான இடங்களில் தெரியும். பிரிட்டானியாவின் மார்புக் கவசத்தையும் தொடையையும் பாருங்கள். பம்பாயில் அடித்த காசானால், திரிசூலத்தின் நடுமுனையில் 'B' என்னும் ஆங்கில எழுத்து சிறிதாக இருக்கும். தரத்திற்கு 1 முதல் 70 வரை எண்கள் உண்டு. அதில் 'குட்' என்று எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், மிகவும் தேய்ந்துபோனது என்பதே அதன் பொருள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் மதிப்பைக் குறைக்கும். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகளைச் சிலர் குறை என்பர். எனக்கு அவை அந்தக் காசு கடந்துவந்த கைகளின் தடங்கள்.

போலிகள் ஏராளம். வர்த்தக வெள்ளியின் எடை 26.95 கிராம், அது காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஏழாம் எட்வர்டின் தலை பொறித்த 1907ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின்) வெள்ளி 20.21 கிராமே இருந்தால் பதற வேண்டாம்: வெள்ளி விலை ஏறிக் காசை உருக்குவதே இலாபம் என்றானபோது அரசாங்கமே எடையைக் குறைத்தது.

விலையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கையசைத்துவிட்டார்கள். பழமையை விட, கிடைப்பதற்கு அரிதாக இருப்பதே விலையைத் தீர்மானிக்கிறது: நூறாண்டு கடந்த செப்புக் காசுகள் மலிவாகக் கிடைக்க, 1971ஆம் ஆண்டின் மலேசிய 20 காசைத் தேடிப் பலர் அலைகின்றனர். சில்லறையில் அது அகப்பட்டால், விளிம்பைப் பிடித்தே எடுங்கள். வணக்கம்.