பரீட்சை இல்லாத படிப்பு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பங்குனிப் பொங்கலுக்குத் திரண்டு வந்திருக்கும் செல்லூர் மக்களே, வணக்கம்.

'வேலை முடிந்த நேரத்தில் மனசுக்குத் தெம்பு தருவது புதிதாக ஒன்றைக் கற்பதா, சும்மா இளைப்பாறுவதா?' இதுதான் தலைப்பு. கற்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழர், "பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்தவனிடம் புத்தகத்தை நீட்டுவது அநியாயம்" என்றார். அந்தக் கால்வலி எனக்குத் தெரியும். மாசி வீதியில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுவதுதான் என் தொழில். ஒரு கல்யாணச் சீர் என்றால் குடம், தாம்பாளம், தூக்குவாளி என்று எழுபது எண்பது உருப்படி வந்து நிற்கும். மிஷினைப் பிடித்த கை, கடை சாத்திய பிறகும் அதிர்ந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்குப் போனதும் போனை எடுத்துப் பதினொரு மணி வரை தள்ளிக்கொண்டிருப்பேன். படுக்கும்போதும் கையில் அதே அதிர்வு. பார்த்த நூறு வீடியோவில் ஒன்றுகூட மனதில் நிற்காது. அதையா இளைப்பாறல் என்கிறீர்கள்? தூங்குங்கள், நன்றாகத் தூங்குங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. தூக்கத்துக்கும் வேலைக்கும் நடுவில் வீணாகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கீழடியில் அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனோம். கண்ணாடிக்குள் ஒரு பானை ஓடு. அதில் கீறிய எழுத்தை 'ஆதன்' என்று கீழே எழுதியிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் தொழிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வைகைக் கரையில் ஒருவர் தன் பானை இன்னொரு வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று பேர் வெட்டியிருக்கிறார். இன்றைக்கும் அதற்காகத்தானே என்னிடம் வருகிறார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. குவிரன், ஆதன் என்று பேர்கள். அவை ஒரே கையெழுத்தில் இல்லை. பலர் எழுதியிருக்கிறார்கள்.

அன்று இரவே தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி என்கிற அந்தப் பழைய தமிழ் எழுத்தின் அட்டவணையைத் தேடி எடுத்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கூட்டல் குறி போட்டால் க. ஒரே ஒரு நேர்கோடு, அது ர. தரையில் நட்ட குச்சி மாதிரி இருந்தால் ந. ழ, ள, ற, ன நான்கும் பிராமி எழுத்தோடு தமிழுக்கென்றே சேர்த்தவை. இந்த ந-வும் ன-வும் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தன. தப்புத் தப்பாக எழுதினேன். யாரும் திட்டவில்லை, மார்க் குறைக்கவில்லை. பள்ளியில் டிக்டேஷன் என்றாலே வயிற்றைக் கலக்குகிற பையன் நான். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் தப்பு செய்துவிட்டு நிம்மதியாகத் திருத்தினேன். அந்தச் சுகம் வேடிக்கை பார்ப்பதில் வராது, நடுவர் அவர்களே.

அப்புறம் மூன்று மாதம் கழித்து மேலூர்ப் பக்கம் மாங்குளம் போனேன். மீனாட்சிபுரம் மலை. மேலே குகைத்தளத்தில் கற்படுக்கைகள், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் பாறை நெற்றியில் வெட்டிய விளிம்பு, அதை ஒட்டி எழுத்து. அண்ணாந்து பார்க்கிறேன். முதலில் ஒரு கூட்டல் குறி: க. அடுத்து மேலும் கீழும் கட்டை போட்ட தூண்: ண. தலையில் சின்னக் கோடு இருக்கிறது, அப்படியானால் ணி. அடுத்து ய். கணிய்! வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணி நந்தன் என்ற துறவிக்காக பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆள் ஒருவர் செய்துகொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம் அது. இந்தக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவல் என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்டார். இவை தமிழ்தான் என்று 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். அதற்கெல்லாம் முன்னும் பின்னும் அந்த மலையடிவாரத்தில் எங்கள் சனம் ஆடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தது. என் தாத்தாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் வெயிலுக்கு ஒதுங்கிய பாறையில் பாண்டியன் பேர் இருந்தது அவருக்குத் தெரியாமலே போனதே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிரணித் தலைவர், "தொழிலுக்கு உதவாத படிப்பு எதற்கு?" என்று கேட்டார். ஐராவதம் மகாதேவன் சட்டம் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். கல்வெட்டு அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. ஓய்வு நேரத்தில் பிராமி எழுத்தைப் பிடித்துக்கொண்டார். கரூர்ப் பக்கம் புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர் பேர்களை 1965இல் படித்துக் காட்டினார். சேரர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் அரசர்களுக்குக் கல்லிலே சாட்சி கிடைத்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. எல்லோரும் அவராக வேண்டியதில்லை. ஆனால் தொழில் இல்லாத இடத்தில் ஆசை எவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்பதற்கு அவரைவிட வேறு ஆள் எனக்குத் தெரியாது.

என் பிழைப்பு மாறவில்லை. அதே கடை, அதே மிஷின். ஆனால் பேர் வெட்டுகிறபோது கை நிதானிக்கிறது. ஒரு புள்ளி தவறினால் அழித்து எழுத முடியாது என்பது எப்போதும் தெரிந்ததுதான். இதைப் பின்னால் ஒருவர் படிப்பார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இப்போது வட்டெழுத்து ஆரம்பித்திருக்கிறேன். தமிழிக்குப் பின்னால் வந்த, வளைந்து வளைந்து போகும் பழைய தமிழ் எழுத்து அது. யானைமலையில் பாறையைக் குடைந்து செய்த நரசிங்கப் பெருமாள் கோயிலில் 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஒத்தக்கடை போய் இரண்டு தடவை பார்த்தேன். நாலு எழுத்துக்கு மேல் பிடிபடவில்லை.

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணித் தோழரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன், அண்ணே. கால்வலி இருந்தால் மெதுவாகவே ஏறலாம். அட்டவணை நான் கொண்டுவருகிறேன்.