சீமைக் கருவேலத்தை இங்கே நடலாமா?

(யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஒரு வாசிகசாலையில் ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

என்னை இங்கே கூப்பிட்டதே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான். "ராமநாதபுரத்தில் காடாய்க் கிடக்கிற சீமைக் கருவேலத்தை எங்கட தரவையில் (மேய்ச்சல் வெளியில்) நட்டால் ஆட்டுக்குத் தீனும் அடுப்புக்கு விறகும் ஆகாதா?" அந்தப் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பியவர்கள் இதைக் கேட்பது நியாயம். அங்கே அவர்களுடைய சோறு வெந்தது அந்த முள்ளில்தான். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற எங்களுக்கும் விறகின் அருமை தெரியும்.

மரத்தை முதலில் நல்ல கண்ணால் பார்ப்போம். அதன் சொந்த ஊர் மெக்சிக்கோ, கரிபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. உப்பு மண்ணிலும் வரும், வெறும் மணலிலும் வரும். வெட்டினால் அடியில் இருந்து நாலு கிளையாய்த் தளிர்க்கும். அதன் விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 முதல் 5,000 கிலோகலோரி வெப்பம் தரும். அரைப்பச்சையாகவே எரியும், தணல் நின்று பிடிக்கும்.

ராமநாதபுரத்தில் இதைக் கரியாக்குவதற்கு மூட்டம் போடுவார்கள். ஒரே அளவாய்த் தறித்த கட்டைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலோ சருகோ பரப்பி, ஈரமண்ணால் மெழுகிவிடுவார்கள். ஒரு வாயால் நெருப்பு வைத்து, பக்கத்தில் சிறு துளைகள் விட்டு, பிறகு நாள்கணக்கில் காவல். முதலில் வெள்ளைப் புகை தள்ளும், அது கட்டையில் உள்ள நீர். புகை மெலிந்து நீலம் பாரித்தால் கரியாகிவிட்டது என்று துளைகளை அடைக்க வேண்டும். அசந்து தூங்கினால் விடியும்போது சாம்பல்தான் மிஞ்சும். நன்றாகச் செய்தாலும் நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரிதான். ஆனாலும் மழை பொய்த்த வருடங்களில் அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கரிதான் கைகொடுத்தது.

சரி, தீனுக்கு வருவோம். இலையை ஆடு, மாடு விரும்பாது, கசக்கும். பெறுமதி எல்லாம் காயில். பழுத்து மஞ்சளாகி விழும் நெற்று இனிப்பானது, ஆடு தேடிப்போய்த் தின்னும். சிக்கல் உள்ளே இருக்கிற விதையில். புரதம் அதிகம் இருப்பது அதில்தான், ஆனால் ஓடு கல்லுப் போல. ஆடு அப்படியே விழுங்கினால் அப்படியே புழுக்கையோடு வெளியே வரும். ஆட்டுக்குச் சத்தும் இல்லை, உங்கள் வளவில் அடுத்த மாரிக்கு முளைக்கும். ஆகவே நெற்றை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, அரைத்துத்தான் போட வேண்டும். காயாமல் அரைத்தால் அதில் உள்ள சர்க்கரை பிசின் மாதிரி ஒட்டி மில்லையே நிறுத்திவிடும். அரைத்த மாவும் முழுத் தீனாக வேண்டாம், கால் பங்கு போதும்.

ஏன் என்று கேட்பீர்கள். பிரேசிலில் வறட்சிக் காலத்தில் மாடுகளுக்கு இந்த நெற்றையே மாதக்கணக்கில் கொடுத்தார்கள். தாடை நரம்பு கெட்டு, வாய் கோணி, அசைபோட முடியாமல் மாடுகள் மெலிந்து செத்தன. கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள் இந்த மரத்தைக் கொண்டுவந்ததற்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். இந்தக் காயைத் தின்று பல்லுப் போன ஆடு ஒன்றையும் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எங்கள் நாட்டிலும் அனுபவம் இருக்கிறது. 1950களில் அம்பாந்தோட்டையில் உவர் நிலத்தைத் திருத்த என்று நட்டார்கள். இன்றைக்குப் புந்தலையில், ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இலங்கையின் முதல் இடத்தில், பறவை இறங்கும் கரைகளை அது மூடிக்கொண்டு நிற்கிறது. மன்னார்க் கரையிலும் உண்டு. மாடு தின்று பரப்புகிறது, வெட்டி முடிகிறதாய் இல்லை.

இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை. பயப்பட வேண்டியது வேருக்கு. இதே இனத்து மரமொன்றின் வேர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீற்றர் ஆழத்தில் காணப்பட்டது. எங்களுக்கு ஆறு என்று சொல்ல மாரியில் ஓடும் வழுக்கியாறு மட்டும். தீவுகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேலே மெல்லிய படையாய் மிதக்கிற நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வருடம் முழுக்கப் பச்சையாய் நிற்கிற ஒரு மரக்காட்டோடு அந்த நீரைப் பங்கு போட எங்களால் முடியாது. ஆகவே என் பதில், நட வேண்டாம்.

அப்ப தீனுக்கும் விறகுக்கும் என்ன வழி? வேலியைப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் நின்ற இடத்தில் இப்போது மதிலும் தகரமும். குழைக்கு எங்கே போவது? எங்கள் அப்புமார் கொக்கைச்சத்தகத்தால் (தடியில் கட்டிய வளைந்த கத்தியால்) வேலியில் குழை அறுத்தார்கள், சின்னப் பிள்ளைகள் குத்தூசியால் பிலாவிலை குத்திக் கோர்த்து ஆட்டுக்குக் கொடுத்தார்கள். ஒரு சதமும் செலவில்லை. சீமைக்கிளுவையை ஆடு மணத்துப் பார்த்துவிட்டுப் போகிறது என்று சொல்கிறீர்கள். வெட்டிய உடனே போடாதீர்கள், அரை நாள் வாடவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். பழகிய பிறகு விடாது. அதன் தடியும் நல்ல விறகுதான், வெப்பத்தில் சீமைக் கருவேலத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்பிலிப்பில் (சவுண்டல்) இலையில் சத்து அதிகம், ஆனால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், மிஞ்சினால் மயிர் கொட்டும். பனை மட்டை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பன்னாடை எல்லாம் வளவிலேயே கிடந்து உக்குகிறது. ஊமல் கரியின் தணலைத் தெரியாத ஆளா நீங்கள்?

முள்மரமே வேண்டும் என்றால் வன்னியை நடுங்கள். விஜயதசமி அன்று மானம்பூவுக்குக் கோயிலில் கிளை நட்டு வாழை வெட்டுவோமே, அதே வன்னி. சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ராஜஸ்தான் பாலைவனத்தில் வயலின் நடுவே அதை விட்டுவைத்து, அடியில் கம்பு விதைக்கிறார்கள். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், பிஞ்சுக் காய் கறிக்கு. 1730இல் கேஜர்லி என்ற ஊரில் அந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பேர் உயிர் கொடுத்தார்கள். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே உங்கள் காணியில் சீமைக் கருவேலம் முளைத்திருந்தால் சும்மா விடாதீர்கள். காய் பழுக்கும் முன் வெட்டுங்கள். நிலத்தோடு அறுத்தால் திரும்பத் தளிர்க்கும். ஒரு முழம் தோண்டி, வேர் பிரியும் அடிக்கட்டையோடு எடுங்கள். கட்டையை அடுப்புக்கு வையுங்கள். அந்தக் குழியில் மாரி தொடங்கியதும் ஒரு பூவரசந்தடியை ஊன்றிவிடுங்கள். தடி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.