கயிற்றை வேகமாக உதறினால் அலையும் வேகமாக ஓடுமா?

மேலூரிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஒரு முனையைக் கட்டிய கயிற்றின் மறுமுனையை வேகமாக உதறினால் அலையும் வேகமாகத்தானே போக வேண்டும்? ஆனால் அலையின் வேகத்தைக் கணக்கிடும் வாய்பாட்டில் கையின் வேகமே இல்லையே?"

நல்ல கவனிப்பு, வாய்பாட்டை மனப்பாடம் செய்பவர்கள் பலர் அதில் என்ன இல்லை என்று பார்ப்பதில்லை. உங்கள் கை செய்வது கயிற்றின் முதல் துணுக்கை மேலே தூக்குவது மட்டுமே. அடுத்த துணுக்கைத் தூக்குவது கை அன்று; இரண்டுக்கும் இடையே உள்ள இழுவிசை. இழுவிசை மிகுந்தால் அந்தத் துணுக்கு சட்டென்று கிளம்பும், அதன் நிறை மிகுந்தால் தயங்கிக் கிளம்பும். இந்தக் கைமாறல் எவ்வளவு விரைவாக நடக்கிறதோ அதுவே அலையின் வேகம். ஆகவேதான் இழுவிசையை ஒரு மீட்டர் கயிற்றின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறோம். மதுரைச் சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதிகளில் இழுக்கப்படும் வடத்தையும் வீட்டுக் கிணற்றுக் கயிற்றையும் ஒரே இழுவிசையில் கட்டினால், வடத்தில் அலை மெதுவாகத்தான் நகரும்.

10 மீட்டர் நீளமும் 1 கிலோ நிறையும் உள்ள கயிற்றை 40 நியூட்டன் விசையில் இழுத்துக் கட்டினால், அலை நொடிக்கு 20 மீட்டர் செல்லும். நொடிக்கு 2 முறை ஆட்டினால் அலைநீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம், 10 மீட்டர், 4 முறை ஆட்டினால் 5 மீட்டர். வேகம் அதே 20 தான். அதை இரட்டிப்பாக்க இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும்.

அப்படியானால் வேகமாக உதறும்போது அலை விரைவதுபோல் ஏன் தோன்றுகிறது என்று கேட்பீர்கள். பலமாக உதறும் கை, நம்மை அறியாமலேயே கயிற்றைப் பின்னுக்கும் இழுத்துவிடுகிறது. அங்கே கூடுவது இழுவிசை. கயிறு மிகவும் வளையும் அளவுக்கு உதறினாலும் இதுவே நேரும், வாய்பாடு சிறிய வீச்சுக்கே, அதாவது கயிறு சிறிதளவே மேலும் கீழும் ஆடும்போதே, பொருந்தும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், வாளி இல்லாமல் கிணற்றில் தொங்கும் கயிற்றின் கீழ்முனையை மெல்லத் தட்டிவிடச் சொல்லுங்கள். கீழே இழுவிசை அநேகமாக இல்லை, மேலே முழுக் கயிற்றின் எடையும் இழுக்கிறது. அதனால் அலை ஏற ஏற வேகம் பிடிக்கும். 10 மீட்டர் ஏற ஏறத்தாழ 2 நொடி ஆகும். தேங்காய்நார்க் கயிறானாலும் நைலான் கயிறானாலும் கணக்கு இதுவே, ஏனெனில் இங்கே இழுவிசையைத் தருவதும் அலையைத் தயங்க வைக்கும் அதே நிறைதான்.