கலங்கும் மாணவர் தகுதியற்றவரா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து இக்கோயில் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். உடற்கூறியல் கூடத்தில் இறந்த உடலை அறுக்கும்போது கலங்கும் மாணவர் மருத்துவத்துக்குத் தகுதியற்றவர் என்று வாதிட்ட எதிரணி நண்பர், "மயங்கி விழுபவர் நாளை அறுவை அரங்கில் எப்படி நிற்பார்?" என்று கேட்டு அமர்ந்தார்.

அந்த மயக்கம் எப்படி வருகிறது? அதிர்ச்சியில், இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இதயத் துடிப்பு தணிந்து, இரத்தக் குழாய்கள் விரிந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் குறைகிறது. படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் விரைவிலேயே தெளிந்துவிடும் இந்த அனிச்சைச் செயலை வைத்தா ஒருவரின் மனவுறுதியை அளப்பது? கண்ணில் நீர் வழிவதும் தொண்டை எரிவதும், உடலைக் கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தின் ஆவி செய்யும் வேலை. அதிலுள்ள பார்மால்டிஹைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. கூடத்தின் காற்றோட்டத்தைச் சீர்செய்யாமல் மாணவரைக் கோழை என்பது நியாயமன்று.

மனக்கலக்கம் வேறு. மார்பையும் வயிற்றையும் நிதானமாக அறுத்தவர்களே முகத்துக்கும் கைக்கும் வரும்போது தயங்குவதுண்டு. அங்கேதான் ஒரு வாழ்க்கை தெரிகிறது. தாய்மார்களே, விடியுமுன் பால்மரம் சீவிக் காய்த்துப்போன உங்கள் உள்ளங்கையைப் போன்ற ஒன்றை அந்த மேசைமேல் காணும் தோட்டத்துப் பிள்ளை, ஒன்றுமே நேராததுபோல் கத்தியை எடுக்க வேண்டும் என்றா விரும்புகிறீர்கள்? ஒரு கணம் கை நடுங்கி நிற்கும் அந்தப் பிள்ளையிடம்தான் நான் என் தாயை வைத்தியத்துக்கு ஒப்படைப்பேன்.

இறந்தபின் தம் உடலைத் தந்தவரையே ஆசானாக மதிக்கும், தைவானில் தோன்றிய 'மௌன ஆசான்' திட்டத்தை மலாயாப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கியது. அதில் உடலைப் பார்மலினில் ஊறவைக்காமல் குளிரூட்டிப் பாதுகாக்கிறார்கள். உடலைத் தந்தவரின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டறிந்த பின்னரே மாணவர்கள் பயிற்சியில் இறங்குகிறார்கள். முடிந்ததும் தையலிட்டு, உரிய மரியாதையுடன் வழியனுப்புகிறார்கள். உணர்ச்சி கற்றலைக் கெடுக்கும் என்றால், அறுக்கப்போகும் உடலுக்குரியவரை மாணவருக்கு அறிமுகப்படுத்தும் இம்முறைக்கு இடமே இருந்திராது.

சிலருக்குத் தூக்கம் கெட்டு, இறைச்சியைக் கண்டாலே குமட்டி, அது வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு; அதை நான் மறைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது விரிவுரையாளரின் பரிவும் ஆலோசகரின் துணையுமே. பெற்றோரே, விடுதியிலிருந்து மகள் அழைத்து, "அம்மா, இன்று சாப்பிட முடியவில்லை" என்றால், படிப்பை விட்டுவிடு என்றும் சொல்லாதீர்கள், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்றும் சொல்லாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். நடுவர் ஐயா, எதிரணியின் வாதத்தைத் தள்ளி, எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.